வெட்டுப்படத்தில் ஓர் ஆள்

சாவிக்காரர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பதினொன்றேகாலுக்கு வந்தார். அதுவரை அக்காவும் தங்கையும் அந்தச் செங்கல் வீட்டின் வாசற்படியில், வரைபலகையும் தாள் சுருளும் நூறடி டேப்புமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, இன்னொரு கட்டடத்துல பூட்டு மக்கர் பண்ணிடுச்சு" என்றபடி சாவிக்கொத்தைத் துழாவினார். இதுபோல ஒன்பது பழைய கட்டடங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒன்பதிலும் சேர்த்து உயிரோடு இருப்பது தான் ஒருவர் மட்டும்தான் என்று சொல்லி, தானே சிரித்துக்கொண்டார்.

தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. இது மட்டும் சிவப்பு. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒரு சூளைக்காரர் தனக்கென்று கட்டிக்கொண்டது. பதினெட்டடி அகலம், அறுபதடி ஆழம், மூன்று தளம். நீளக்கல் ஒன்று, குறுக்குக்கல் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கிய சுவர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கத்தி நுழையாது. பக்கச் சுவர்கள் பக்கத்து வீடுகளோடு பொது என்பதால் அங்கே ஜன்னல் கிடையாது. பின்கதவை எந்தக் காலத்திலோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். முன்பக்க ஜன்னல்களில் கட்டைவிரல் தடிமனில் இரும்புக் கம்பி. போகவும் வரவும் இருந்தது அந்த ஒரே வாசல்தான்.

வாசலில் தொல்பொருள் இலாகாவின் பலகை ஒன்று ஆணியடித்திருந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடம், உள்ளே இருக்கும் எதையும் அகற்றுவதோ மாற்றுவதோ குற்றம் என்றது அது.

"எதையும்னா எதையுமா?" என்றாள் தங்கை. "ஒட்டடையைக்கூடவா?"

"ஒட்டடைக்கும் ஃபைல் போடணும்மா" என்றார் சாவிக்காரர். "நான் அஞ்சரைக்கு வந்து பூட்டிக்கறேன். உள்ள பயப்பட ஒண்ணுமில்ல. முன்னே ஒருத்தர் இந்த வீட்டுலயே குடியிருந்தார். உங்க ஆளுதான், அளக்க வந்தவரு. இந்தச் சாவியை எனக்குக் குடுத்ததே அவர்தான்."

அக்காவின் வேலை பழைய கட்டடங்களை அளந்து வரைவது. இடிந்து விழுவதற்குள் ஒரு வீட்டை அங்குலம் அங்குலமாகத் தாளில் ஏற்றிவிட வேண்டும். ஒருவர் டேப்பின் நுனியைச் சுவரில் வைத்து "ஜீரோ" என்று குரல் கொடுப்பார், மற்றவர் இந்தப் பக்கம் இழுத்துப் பிடித்து அளவைப் படிப்பார். வழக்கமாக நுனி பிடிக்கும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் தங்கையை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் தங்கைக்கு ரயில். புருஷனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து அவன் முன்னமே போய்விட்டான். பெட்டியெல்லாம் ஸ்டேஷனில் போட்டாகிவிட்டது. அம்மா போன பிறகு இந்த ஊரில் அக்காவுக்கு மிச்சம் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

அதைப் பற்றி அக்கா வாய் திறக்கவில்லை. கடைசி நாளையாவது இருவரும் சேர்ந்து கழிக்க வேண்டும் என்று கேட்கத் தெரியாமல், "டேப் பிடிக்க ஆள் இல்லை, வர்றியா?" என்று கேட்டவள் அவள்.

உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. வாசலைத் தாண்டியதும் நீண்ட நடை, அதன் நடுவில் படிக்கட்டு. படி பாதி உயரம் ஏறி, ஒரு சின்ன மரமேடையில் திரும்பி மறுபாதி ஏறியது. அந்தத் திருப்பத்துக்கு நேர் மேலே, கூரையில், கண்ணாடி பதித்த ஒரு சதுரம். வெளிச்சம் என்று அந்த வீட்டில் ஏதாவது இருந்தால் அது அங்கேதான் விழுந்தது.

"ஜீரோ" என்றாள் தங்கை.

"பதினாலு, ஏழரை" என்று அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கொண்டையில் செருகிய பென்சிலை உருவி எழுதிக்கொண்டாள்.

இப்படியே இரண்டு மணி நேரம் போனது. தங்கை வாய் ஓயவில்லை. சூளைக்காரர் குள்ளமாக இருந்திருப்பார், இல்லாவிட்டால் கதவை இவ்வளவு தாழ்வாக வைப்பாரா என்றாள். படிக்கட்டுச் சுவரின் செங்கல் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருப்பதைக் கண்டுபிடித்தது அவள்தான். எல்லாம் ஒரே விரல். சுடுவதற்கு முன் ஒவ்வொரு கல்லிலும் யாரோ மெனக்கெட்டு அழுத்தியிருக்கிறார்கள்.

"தன் பொருள்னு அடையாளம் வைக்கிறாராம்" என்றாள் தங்கை. "என்ன ஆசை பாரு மனுஷனுக்கு."

ஒன்றரை மணிக்கு அக்கா படித் திருப்பத்துக்குக் கீழே பலகையைச் சாய்த்துவைத்து வெட்டுப்படத்தை முடித்தாள். வீட்டை மேலிருந்து கீழாகக் கத்தியால் இரண்டாக அறுத்தால் உள்ளே எப்படித் தெரியுமோ அப்படி வரைவதுதான் வெட்டுப்படம். அதில் உயரம் புரிவதற்காக ஓர் ஆளை நிற்கவைத்து வரைவது அந்தத் தொழிலில் வழக்கம். எழுபது வருடங்களுக்கு முன் வரைந்த பழைய படத்தின் நகலையும் கொண்டுவந்திருந்தாள். அதிலும் ஓர் ஆள் இருந்தது. திருப்பத்தில் ஒரு பெண், ஒடிசலாக, கையில் டேப்பின் நுனியோடு.

அழகாக இருக்கிறதே என்று தோன்றியது அக்காவுக்கு. அதே இடத்தில் தங்கையை வரைந்தாள். இடுப்பைத் தாண்டித் தொங்கும் ஒற்றைப் பின்னல், ஒரு காலில் பாரம் போட்டு நிற்கும் அவளுடைய நிலை, எல்லாம் ஆறேழு கோட்டில் வந்துவிட்டது. ஆள் ஊருக்குப் போனாலும் படத்திலாவது இருக்கட்டும். அவள் மனசில் ஓடியது அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

தாளின் அடியில் இலாகா அச்சடித்த இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி, 'உள்ளது உள்ளபடி வரையப்பட்டது.' அதை அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுத் தேதி எழுத வேண்டும். இரண்டாவது, 'முந்தைய படம் ரத்து.' அது எல்லா வேலையும் முடிந்த பிறகு. அக்கா முதல் வரியில் கையெழுத்துப் போட்டாள்.

தங்கை எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி, என்னை இங்கயே மாட்டிவிட்டுட்டியா? சரி, பசிக்குது. முனையில ரொட்டிக் கடை பாத்தேன், வாங்கிட்டு வரேன்."

செருப்புச் சத்தம் நடையில் தேய்ந்து, வாசல் கதவு கிறீச்சிட்டது.

தங்கை வருவதற்குள் திருப்பத்தின் ஆழத்தைச் சரிபார்த்துவிடலாம் என்று அக்கா டேப்பின் நுனியைத் திருப்பத்தின் தரையில் விட்டுவிட்டு, மூலை திரும்பி மேல் படிக்குப் போனாள். வேலை ஞாபகத்தில், பழக்க தோஷத்தில், "வச்சாச்சா?" என்று கேட்டும் விட்டாள்.

டேப் இறுகியது.

"ஜீரோ."

"அஞ்சு அடி, ரெண்டு" என்று எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் தங்கை கடைக்குப் போயிருக்கிறாள் என்பது உறைத்தது.

டேப் இன்னும் இறுக்கமாகவே இருந்தது.

அக்கா மெல்ல மூலையைத் திரும்பிப் பார்த்தாள். திருப்பத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தாள், பர்ஸைக் கையில் பிடித்தபடி, முகம் வெளுத்துப்போய். டேப்பின் நுனி அவள் கையில் இல்லை. அது அவளுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், வெறும் காற்றில் நேராக நின்றது. அடுத்த நொடி தரையில் விழுந்தது.

"அக்கா" என்றாள் தங்கை கிசுகிசுப்பாக. "நான் வெளியே போனேன்ல?"

"கதவுச் சத்தம் கேட்டுச்சே."

"கதவைத் திறந்தேன். தெருவுல கால் வச்சேன். வச்ச கால் இங்க இருக்கு."

அளந்து பார்க்காமல் எதையும் நம்புகிறவள் இல்லை அக்கா. தங்கையின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனாள். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே வெயில். எதிர்ச்சாரியில் ஒருவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் கைகோத்து வாசலைத் தாண்டினார்கள்.

அக்கா தெருவில் நின்றாள். அவள் கைக்குள் ஒன்றும் இல்லை.

வீட்டின் உள்ளே, படி ஏறும் உயரத்திலிருந்து, தங்கை அழும் சத்தம் கேட்டது.

மூன்று தடவை முயன்றார்கள். ஓடிப் பார்த்தார்கள். தங்கை கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக நடந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அக்காவுக்குத் தெருவும் தங்கைக்குத் திருப்பமும் கிடைத்தன. மூன்றாவது தடவை தங்கை நின்ற நிலையை அக்கா கீழிருந்து பார்த்தாள். ஒரு காலில் பாரம் போட்டு, பின்னல் இடப்பக்கம் விழ, தலையை லேசாகச் சாய்த்து. அதை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள்.

எங்கே என்று தெரிந்துவிட்டது. பலகையில், தன் கையாலேயே வரைந்து, தன் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

ரப்பரை எடுத்து, படத்தின் வலது பாதத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

"அக்கா."

தங்கை கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, என் கால் எங்கே?"

செருப்பு இருந்தது. செருப்புக்குள் கால் இல்லை.

அக்கா பென்சிலைப் பிடுங்கி அழித்த இடத்தில் மறுபடி கோட்டை இழுத்தாள். கை உதறியதில் கோடு கொஞ்சம் உள்பக்கம் வளைந்துவிட்டது. கால் திரும்பி வந்தது. அதுவும் கொஞ்சம் உள்பக்கம் வளைந்தே வந்தது.

இருவரும் படியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டார்கள். தாளைக் கிழித்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. ரத்து செய்துவிட்டுப் புதிதாக வரையலாமா என்று யோசித்தாள் அக்கா. ஒரு பாதத்தைத் தேய்த்ததற்கே இந்தக் கதி என்றால், முழுத் தாளையும் ரத்து செய்தால் மிஞ்சுவது என்ன?

சாவிக்காரருக்குப் போன் போட்டாள்.

"அந்த அளக்க வந்தவர்னு சொன்னீங்களே, அவர் ஏன் இங்கயே தங்கினார்?"

"அதுவாம்மா, அவர் ஒரு மாதிரி" என்றார் சாவிக்காரர். "புருஷனும் பொண்டாட்டியுமாத்தான் அளக்க வந்தாங்களாம். அந்தம்மாதான் டேப் பிடிச்சாங்க. அப்புறம் இவர் வேலையை விட்டுட்டு, இந்த வீட்டுக்கே காவலுக்கு இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டார். நாப்பது வருஷம். தினம் ரெண்டு டம்ளர் டீ போடுவார், ஒண்ணைக் கொண்டுபோய்ப் படித் திருப்பத்துல வைப்பார். கடைசியில அந்தப் படியிலேயேதான் போய்ச் சேர்ந்தார்."

"அந்தம்மா?"

"ஊருக்குப் போயிட்டாங்கன்னு சிலர் சொல்வாங்க. செத்துட்டாங்கன்னு சிலர். ஆனா வீட்டைவிட்டு அவங்க வெளிய போனதை யாரும் பாக்கலை. ஏம்மா, ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள்.

மணி நாலேகால் ஆகியிருந்தது. கண்ணாடிச் சதுரத்திலிருந்து விழுந்த வெளிச்சம் சுவரில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. செங்கற்களின் கட்டைவிரல் பள்ளங்களில் நிழல் தேங்கியது. தங்கை அக்காவின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். "நான் இனிமே போகவே மாட்டேனா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

அக்கா நினைத்துப் பார்த்தாள். நாற்பது வருடங்கள் ஒரு மனுஷன் மனைவிக்காக இந்த வீட்டில் இருந்திருக்கிறான். டீ போட்டிருக்கிறான். அழித்துப் பார்த்துவிட்டு அவனும் பயந்திருப்பான். ஆனால் பென்சில் அழிக்க மட்டுமா இருக்கிறது? ஒரு கோட்டைக்கூட அழிக்காமல், மேலே நாலு கோடு சேர்த்தால் அந்த ஆள் வேறு ஆளாகிவிடும். இது வரைகிற எவருக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் அவன் அந்த ஆளைத் தானாக மாற்றி வரையவில்லை.

அவள் தங்கையின் தலையை மெதுவாக நகர்த்திவிட்டுப் பலகையை எடுத்தாள்.

"என்ன பண்றே?"

"உன்னைத் திருத்தறேன்."

"சின்ன வயசுலேர்ந்து அதைத்தானே பண்றே" என்று தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

பின்னலின் மேல் ஒரு தோள்பையை வரைந்து, பின்னல் தெரியாமல் கறுப்பேற்றினாள். இடுப்பை அகலமாக்கினாள். காதிலிருந்து மூக்குவரை ஒரு சின்னக் கோடு, கண்ணாடி. பிடரிக்கு மேலே ஒரு கொண்டை. கடைசியாக, தான் எப்போதும் கொண்டையில் செருகி வைத்திருக்கும் பென்சில். ஒரே ஒரு கோடு. அதைப் போடுவதற்கு முன் கை கொஞ்சம் நின்றது.

போட்டுவிட்டாள்.

"இப்ப போய்ப் பாரு" என்றாள்.

தங்கை நொண்டியபடி நடையைக் கடந்தாள். வாசலில் ஒரு நிமிடம் நின்று, செத்தாலும் சரி என்பதுபோல் காலை எடுத்து வைத்தாள். தெருவில் நின்றாள். தன் கைகளைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

"வா அக்கா, போயிடலாம், இந்தப் பாழாப்போன வீட்டை விட்டு."

"நீ கிளம்பு. சாவிக்காரர் வர்ற வரைக்கும் திறந்து போட்டுட்டு வர முடியாது. நான் நேரா ஸ்டேஷனுக்கு வந்துடறேன்."

"தனியாவா இருக்கப் போறே?"

"உன்னைத்தானே பிடிச்சுக்கிச்சு, என்னை என்ன பண்ணும்? போ, ரயில் போயிடும்."

தங்கை வாசலுக்கு வெளியே நின்றபடியே அவள் முகத்தைப் பார்த்தாள். "நீ ஒரு தடவையாவது போகாதேன்னு சொல்லுவேன்னு ரெண்டு மாசமா காத்திருந்தேன் தெரியுமா?"

"சொல்லியிருந்தா நின்னிருப்பியா?"

"நின்னிருக்க மாட்டேன். ஆனா கேக்கணும்போல இருந்துச்சு."

"போகாதேடி" என்றாள் அக்கா. "போதுமா? இப்ப போ."

தங்கை சிரித்தாள். நொண்டி நொண்டித் தெருமுனை வரை போய், திரும்பிக் கையாட்டிவிட்டு வளைவில் மறைந்தாள். அவள் போனதும் அக்கா ஒரு முயற்சி செய்து பார்த்தாள். வாசலைத் தாண்டிக் காலை வைத்தாள்.

காலின் கீழே திருப்பத்தின் மரப்பலகை.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெளியே சைக்கிள் மணி, யாரோ யாரையோ கூப்பிடும் குரல், பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் ஓசை எல்லாம் பொதுச் சுவர் வழியாகத் துல்லியமாகக் கேட்டன. தட்டினால் கேட்கும் தூரத்தில் மனுஷர்கள். தட்டி என்ன சொல்வது?

பக்கத்தில் யாரோ உட்கார்ந்ததுபோல் மரப்பலகை தாழ்ந்தது.

டேப்பின் நுனி தரையிலிருந்து எழுந்தது. இழுக்கவில்லை, மெதுவாக இறுகியது. பழகின கை. பயப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் பயந்து ஓட இடம் இல்லாதவளுக்குப் பயமும் ஓரளவோடு நின்றுவிடுகிறது.

"ரத்து பண்ணிடு" என்றது ஒரு பெண் குரல். மூச்சைவிடச் சன்னமாக இருந்தது. "அவர் பண்ணலை."

அக்கா பழைய நகலைப் பார்த்தாள். ஒடிசலான அந்தப் பெண், எழுபது வருடங்களாக, கையில் நுனியோடு. உயிரோடு இருப்பவளுக்கு ரத்து என்றால் அழிவு, செத்துப்போன இவளுக்கு அது விடுதலை. வரைபலகையை மடியில் வைத்து, புதுத் தாளின் இரண்டாவது வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். முந்தைய படம் ரத்து.

பக்கத்தில் ஒரு நீண்ட மூச்சு வெளிப்பட்டது. டேப் தளர்ந்து மடங்கி விழுந்தது. பழைய நகலில் படிக்கட்டு இருந்தது, திருப்பம் இருந்தது. ஆள் இல்லை.

தன்னையும் இப்படி ஒருத்தி வந்து விடுவிப்பாள். அடுத்த முறை இலாகாவுக்கு இந்த வீட்டை அளக்கத் தோன்றும்போது. எழுபது வருடம் ஆகலாம். அதுவரை தனியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று அக்கா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

போன் அடித்தது. "அக்கா, எங்க இருக்கே? வண்டி எடுக்கப் போறாங்க."

"ஸ்டேஷன் வாசல்லதான். கூட்டம். நீ ஏறிக்கோ, அடுத்த மாசம் நான் அங்க வரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ரயில் ஊதும் சத்தம் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது. கீழே சாவிக்காரர், வழக்கம்போல அரை மணி தாமதமாக, "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே நடையில் வந்தார். அவருக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி எழுந்தாள். தான் இங்கேயே காவலுக்கு இருப்பதாகச் சொன்னால் அவர் ஆச்சரியப்பட மாட்டார்.

அப்போது டேப் நகர்ந்தது.

தரையில் சுருண்டு கிடந்தது நேராகி, மூலை திரும்பி, மேல்படி இருட்டை நோக்கி விறைத்தது. முன்பிருந்த கை இல்லை இது. கனமான கை, டேப்பின் இந்தப் பக்கத்தைப் பிடித்திருந்த அவளை ஓர் அடி முன்னால் இழுத்தது. மேலிருந்து ஆறிப்போன டீயின் வாடை இறங்கி வந்தது.

ஓர் ஆண் குரல், நாற்பது வருடம் காத்தவனின் பொறுமையோடு, கேட்டது.

"அவ எங்கே?"